பலகை வூடும் மாயவன் மீசையும்

"குறுக்க நிக்கிறவன் இருக்கானே, அவனை..." என்று அப்பா எப்போதும் ஆரம்பிப்பார். அடிக்கச் சொன்னாரா, அணைக்கச் சொன்னாரா? மீதி ஸ்தனிஸ்லாசுக்கு ஞாபகம் வரவில்லை. பக்கத்துக் காட்டு மாயவனைப் பார்க்கும்போதெல்லாம் அடிக்கத்தான் சொல்லியிருப்பார் என்று பட்டது.

ஜெர்மனியில் மரத் தொழிற்சாலையில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு, எண்பத்தாறாம் வருஷம் கடத்தூருக்குத் திரும்பியவர் ஸ்தனிஸ்லாஸ். தன் காட்டுத் தைலமரத்தைப் பலகையாக அறுத்து, ஒன்றை நெடுக்காக, அடுத்ததைக் குறுக்காக வைத்துப் பசை போட்டு அழுத்தி, அதையே சுவராக நிறுத்தி வீடு கட்டினார்.

ஊரே வந்து தட்டிப் பார்த்தது. சாலம்மாள் சுவரை மோந்துவிட்டு, "சளிக்கு நல்லதுங்க" என்றாள்.

மாயவன் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏன்டா தனிசு, சவப்பொட்டிக்கு எதுக்குடா சன்னலு?"

"செங்கல்லு சுட எவ்ளோ மரத்தக் கொளுத்தறீங்க? நான் அந்த மரத்தையே சொவரா நிறுத்திட்டேன். வெட்டுன மரம் மறுபடி தழையும். செங்கல்லு தழையுமா?"

"கரையானுக்கு விருந்து வெக்க இவ்ளோ பேச்சா! கிறிஸ்துமசுக்குள்ள கரையான் ஏறலைன்னா என் மீசைய எடுத்துக்கறேன்."

"ஏறுனா என் மீசை!"

மனைவி ஞானமேரிக்கு யார் மீசையைப் பற்றியும் கவலையில்லை.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் குடிபோகாமப் பாப்பேங்க. ஒரு கரையான் கண்ணுல பட்டாலும் பாப்பாரப்பட்டிக்கு எங்கம்மா வூட்டுக்கே போயிருவேன்" என்றாள்.

மழை பிடித்தது. மாயவன் வீட்டுக் கதவையே கரையான் தின்றது. பலகை வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"ஜெர்மன் பசைடா!" என்று ஸ்தனிஸ்லாஸ் மீசையை முறுக்கினார்.

கிறிஸ்துமசுக்கு முந்தின ஞாயிறு. மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுக் கோயிலுக்குப் போன ஸ்தனிஸ்லாஸ், பாதிப் பூசையில் எழுந்து வந்தார். சுவரோரம் மாயவன் குந்தியிருந்தார். கையில் தகர டின். அடிச்சுவரில் எதையோ ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அடப்பாவி! மீசைக்காக என் வூட்டையே கொளுத்தறியா?"

டின்னைப் பிடுங்கினார். மண்ணெண்ணெய் வாசமே இல்லை. கன்னங்கரேலென்று கையில் வழிந்தது, லாரி இன்ஜினில் இறக்கிய பழைய ஆயில்.

"கத்தாதடா. கோயில்ல இருக்கற ஞானமேரிக்குக் கேட்டுரப் போவுது. மழை ஆரம்பிச்சதுலேர்ந்து நீங்க பூசைக்குப் போற நேரம் பாத்துத்தான் ஊத்தறேன். இது இருந்தா கரையான் கிட்ட வராது."

"உன் கதவ தின்னுச்சேடா?"

"நல்லம்பள்ளி லாரி ஷெட்டுல வாராவாரம் ஒரு டின்னுதான் குடுக்கறான்."

"உன் மீசை போயிருமே!"

"மீசை மொளைச்சிக்கும். ஞானமேரி போயிட்டா நீ திரும்ப ஜெர்மனிக்குக் கெளம்பிருவ. அப்புறம் நான் யாரைடா திட்டறது?"

கிறிஸ்துமஸ் அன்று ஞானமேரி சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் புது வீட்டில் பால் காய்ச்சினாள். மாயவன் மீசை போவதைப் பார்க்கக் கோவிந்தன் சலூனில் ஊரே கூடியிருந்தது.

மாயவனைத் தள்ளிவிட்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்த ஸ்தனிஸ்லாஸ், தன் மீசையை எடுக்கச் சொன்னார்.