ஏழு நிமிடம்

“ஏனுங்க, அந்தம்மா மூணாவது நாளா நம்ம ஜீப்புல ஏறுதுங்க. கையில நோட்டு, கண்ணு வாட்சுலயே இருக்குது,” என்றாள் மரியபுஷ்பம், டோக்கன் கொடுத்தபடி.

ஓட்டுநர் சீட்டில் இருந்த கணவன் மரியதாஸ் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். ஒண்டிக்கடை ஜீப் ஸ்டாண்டில் மற்ற ஜீப்புகள் ஆள் நிறையும்வரை நிற்கும். அவன் மட்டும் சொன்ன நேரத்துக்குக் கிளம்பிவிடுவான். கடைசி ஊரான செம்மநத்தத்தில் இறங்குகிறவர்கள் அவரவர் குப்பையோடு பின்பக்கம் இறங்க, ஏறுகிறவர்கள் நடுக்கதவில் ஏற, ஏழே நிமிடத்தில் வண்டி திரும்பிவிடும். ஸ்டாண்டே சிரித்தது. ஆனால் அவனுடைய ஒரு ஜீப் இன்று நாலு ஜீப்பாகிவிட்டது.

அதைக் காப்பியடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தான்.

செம்மநத்தத்தில் நேராகவே கேட்டுவிட்டான். “நம்ம ரூட்டுல வண்டி உடப் போறீங்களாங்க?”

“விடத்தான் போறேன். ஆனா உங்க ரூட்டுல இல்ல. சேலத்துல இருந்து கொச்சிக்கு.”

“பஸ்ஸுங்களா?”

அவள் நோட்டின் அட்டையைத் திருப்பிக் காட்டினாள். அதில் ஒரு விமானம் பறந்துகொண்டிருந்தது.

“ஒவ்வொரு ஊர்லயும் ஒரு மணி நேரம் நின்னாத்தான் விமானம்னு எல்லாரும் சொல்றாங்க. அப்படி நிக்கறதுதான் டிக்கெட் விலையை ஏத்துது. நீங்க ஏழு நிமிஷத்துல திருப்பறீங்க. எங்க ஆளுங்களுக்குச் சொல்லித் தர வருவீங்களா?”

“வர்றோமுங்க,” என்று முந்திக்கொண்டாள் மரியபுஷ்பம்.

மரியதாஸ் மட்டும் தலையைச் சொறிந்தான்.

“வர்றதுக்கென்னங்க. ஒரே ஒரு சிக்கல்தான். மூட்டையெல்லாம் உங்க வண்டிக்கு மேல போட்டுக் கட்ட முடியாதுங்களே?”