ஒரு டம்ளர் தண்ணீர்

கம்பெனிகளில் யாரை வேலையைவிட்டு எடுக்கலாம் என்று ஆலோசனை சொல்வது ஜெயசீலனின் தொழில். சேதியைச் சொல்லுமுன் அந்த ஆளின் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பார். "பிடிச்சுக்க கைக்கு ஏதாவது வேணும்ல?" என்று வீட்டில் பெருமையடிப்பார்.

இப்போது வீடுகளுக்கும் ஆளை எடுக்கும் வழக்கம் வந்துவிட்டது. யாரை எடுத்துவிட்டால் குடும்பம் நன்றாக ஓடும் என்று வருடாவருடம் கணினி சொல்லிவிடும்.

துபாய், பெங்களூர் என்று அலைந்துவிட்டு பல மாதம் கழித்து அவர் வீடு வந்தபோது, மனைவி அறையைவிட்டு வெளியே வரவில்லை. மகள் ஷெரின்தான் கதவைத் திறந்தாள்.

"நம்ம வீட்டுக்கும் முடிவு வந்துருச்சுப்பா."

"யாரை எடுக்கச் சொல்லுது?" சிரித்துக்கொண்டே கேட்டார்.

"உக்காருங்கப்பா" என்றவள், உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

ஜெயசீலன் அதை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.