கொடுவாத் தலை

கார்ச் சாவியை அவள் மேசைமேல் வைக்கவில்லை. மடியில் வைத்து, அதன்மேல் கைக்குட்டையை விரித்துக்கொண்டாள்.

எதிரே வெள்ளாறு கடலில் கலந்துகொண்டிருந்தது. உணவகத்தின் கீற்றுக் கூரைக்கடியில் புகுந்த காற்று, வாழையிலைகளின் ஓரங்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது.

சேலத்திலிருந்து பரங்கிப்பேட்டை வரை அவள்தான் ஓட்டி வந்திருந்தாள்.

அப்பா அருகில் அமர்ந்து வந்தார். எதிரில் லாரி வந்தபோதெல்லாம் அவருடைய வலது கால், இல்லாத பிரேக்கை மிதித்தது.

பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பிறர் ஓட்டும் வண்டியில் அவர் கண்மூடியதே இல்லை.

இறால் வந்தது. நண்டு வந்தது. அம்மா நண்டுக் காலைக் கடித்து உடைத்தபடி சிரித்தார்.

"வழி பூரா பிரேக் போட்டாரே உங்கப்பா, கால் வலிக்குதான்னு கேளு."

அப்பா தம் நண்டைக் கூர்ந்து நோக்கினார். அவளும் தன் நண்டையே நோக்கினாள்.

பிறகு பரிமாறுபவர் ஒரு மண்சட்டியை இரு கைகளாலும் ஏந்தி வந்தார். மீன் குழம்பின் நடுவே பெரிய கொடுவாத் தலை.

பேருந்துகள் நிற்கும் உணவகங்களில் நல்ல துண்டை ஓட்டுநருக்கென்று எடுத்துவைப்பது வழக்கம். இங்கே கார் ஓட்டி வருவோருக்கும் அந்த மரியாதை உண்டு போலும்.

"இது டிரைவருக்குங்க. யாருங்க டிரைவர்?"

அப்பாவின் கை உயர்ந்தது.

பணிக்காலம் முழுவதும் உயர்ந்த கை. யோசிக்காமல் உயர்ந்தது.

பரிமாறுபவர் அவர் பக்கம் குனிந்தார். அம்மா மெல்லுவதை நிறுத்தினார்.

அவளுடைய மடியில் சாவி கனத்தது.

உயர்ந்த கை இறங்கவில்லை. சற்று நேரம் அப்படியே நின்றது.

பிறகு அவள் பக்கம் திரும்பியது.

"அவங்க."

தம்மோடு பணியாற்றிய ஓட்டுநர்களைத்தான் அவர் அவ்வாறு குறிப்பிடுவார்.

தலை அவளுடைய இலைக்கு வந்தது. எங்கே தொடங்குவதென்று தெரியாமல், கன்னத்துச் சதையை விரலால் மெல்ல நெகிழ்த்தினாள். அப்பா சொல்லித்தரவில்லை. முகத்துவாரத்தில் நுழையும் படகொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது அம்மா வழக்கம்போல் காரின் பின்கதவைத் திறந்தார். அப்பா மறித்தார்.

"நீ முன்னாடி உக்காரு."

பின்னிருக்கையில் ஏறிச் செருப்பைக் கழற்றினார். துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டார்.

சேத்தியாத்தோப்புக் கடைவீதியில் ஆட்டோக்களும் ஆடுகளும் குறுக்கே வந்தன.

அவள் ஹாரன் அடிக்கவில்லை.