நடுவில் காலி

"இது சோம்பேறித்தனமா, இல்ல திமிரா?" என்று கேட்டார் ஓவிய டீச்சர்.

மூன்றாம் வகுப்புக்கு ஒரு மாதமாகத் துணியில் அச்சுப் பதிக்கும் பயிற்சி. பிள்ளைகளுக்குக் கற்பனை வளர வேண்டுமாம். உருளைக்கிழங்கைச் செதுக்கிப் பூ, வெண்டைக்காயை நறுக்கி நட்சத்திரம். எல்லோரும் கைக்குட்டை அளவுத் துணியில் இடம் விடாமல் அப்பித் தள்ளியிருந்தார்கள்.

ஒருத்தி மட்டும் முழுப் படுக்கை விரிப்பைத் தூக்கி வந்து, இரண்டு ஓரத்திலும் பூவாகப் பதித்துவிட்டு நடுவை அப்படியே விட்டிருந்தாள். அதிகம் பேசமாட்டாள். வகுப்பில் அவளுக்கு வாய்ப்பூட்டு என்று பெயர்.

"நடுவுல போட்டு முடி."

"அங்க போடக்கூடாது டீச்சர்."

"ஏன்?"

வாய்ப்பூட்டு தரையைப் பார்த்தாள். முப்பது பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது வீட்டுக் கதையை எப்படிச் சொல்வது?

மறுநாள் கண்காட்சி. கல்வி அதிகாரி முகம் சுளித்தால் ஓவிய வகுப்பைப் பிடுங்கிக் கணக்குக்குக் கொடுத்துவிடுவதாகத் தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். துணியை மாட்டும் பலகையோ இரண்டடி அகலம்தான்.

அன்று சாயங்காலம் டீச்சர் கத்தரிக்கோலை எடுத்தார். காலியாகக் கிடந்த நடுப்பகுதியை வெட்டியெடுத்து, சாயக் கிண்ணம் துடைக்கத் துண்டு துண்டாக்கிக்கொண்டார். இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தையல் மிஷினில் ஓட்டினார். பூவோடு பூ சேர்ந்து அம்சமாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கு நல்லது செய்துவிட்டோம் என்று அவருக்கு நிஜமாகவே சந்தோஷம்.

கண்காட்சியில் அதிகாரி அந்தத் துணியின் முன்னால்தான் நின்றார். சொந்தக் கற்பனைக்கான முதல் பரிசு அதற்குத்தான். தலைமையாசிரியர் டீச்சரைப் பார்த்துச் சிரித்தார். ஓவிய வகுப்பு தப்பித்தது.

"இந்த யோசனை எப்படிம்மா வந்துச்சு?" என்றார் அதிகாரி.

வாய்ப்பூட்டு தையல் ஓடிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். கேட்டது பெரிய சார். சொல்லித்தான் ஆக வேண்டும்.

"அப்பா பெயின்ட் அடிக்கும்போது சாரத்துல இருந்து விழுந்துட்டாரு சார். இனிமே எழுந்திருக்க முடியாதாம். தலைய மட்டும்தான் இப்படி அப்படித் திருப்புவாரு. எந்தப் பக்கம் திருப்பினாலும் பூ தெரியணும்னு போட்டேன்."

அவள் டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், அப்பா படுக்கற இடம் எங்க?"