மாதாமாதம் வரும் பெட்டி

யசோதரன் கதவைத் திறந்தபோது வாசலில் பாதி ஊர் வரிசையில் நின்றது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், இயலாதவர்கள் முன்னால். கொழும்பில் பெரிய நகைக்கடைகளின் வாசலில்கூட இவ்வளவு ஒழுங்கான கூட்டத்தை அவன் கண்டதில்லை.

"வீட்டுக்கே கொண்டுவந்து தாறன் எண்டெல்லோ சொன்னனான். பொறுக்கேலாமல் தாங்களே வந்திட்டினம்," என்று உள்ளே திரும்பி மனைவியிடம் சொன்னான். இன்னும் ஒரு பெட்டி விற்கவில்லை, அதற்குள் குரலில் முதலாளித் தோரணை வந்து உட்கார்ந்துவிட்டது.

சுபத்திரா அண்ணாந்து பார்த்தாள். கூரை இருக்க வேண்டிய இடத்தில் தறப்பாள் தொங்கியது. கூரைத் தகரத்துக்கென்று வைத்திருந்த காசெல்லாம் பருப்பாகவும் சீனியாகவும் சவர்க்காரமாகவும் மாறி, அறை முழுக்கப் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது. மாரி மழைக்கு இன்னும் கன நாளில்லை என்பதுதான் அவளுடைய பயம்.

எல்லாம் மன்னார் டவுனில் நடந்த சுயதொழில் பயிற்சியின் மகிமை. கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் குளிரூட்டிய மண்டபத்தில் படம் போட்டுக் காட்டி, குறைந்த முதலில் கோடீஸ்வரனாகும் வழியை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே சொல்லி முடித்துவிட்டார். வெளிநாட்டில் சந்தா கட்டினால் மாதாமாதம் வீட்டுக்கு ஒரு பெட்டி வருமாம். அங்கே நாய்க்குக்கூடத் தனிப் பெட்டி உண்டாம். பாப்பாமோட்டை ஊர் நாய்களுக்கு இன்னும் அந்த யோகம் வாய்க்கவில்லை என்பதால் யசோதரன் மனிதர்களோடு தொடங்கினான்.

சண்டைக் காலம் முழுவதும் அவன் கொழும்பில் மாமாவின் கடையில் நின்றவன். அகதி முகாமிலிருந்து திரும்பிய சனத்தோடு சுபத்திராவும் ஊருக்கு வந்தபிறகு, அவளைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தான். இந்த ஊரில் தனக்கு மட்டும்தான் வியாபாரம் தெரியும் என்பது அவனுடைய எண்ணம். அதை அவன் ஒருநாளும் ஒளித்து வைத்ததில்லை.

முதல் குறைவு என்பதால் பெட்டிக்குச் செலவழிக்கவில்லை. கடை கடையாகக் கெஞ்சி வாங்கிய பழைய பிஸ்கட் பெட்டிகளின் மேல் கோதுமைமாப் பசை பூசி, 'மகிழ்ச்சிப் பெட்டி' என்று எழுதிய கலர் தாளை ஒட்டியிருந்தான். றிபன் கட்டுப்படியாகவில்லை. சணல் கயிற்றைப் பூ மாதிரி முடிந்திருந்தான், அது பூ என்று அவன் சொன்னால்தான் தெரியும்.

போன கிழமை வீடு வீடாகப் போய், மாதாமாதம் பெட்டி வரும், பேர் பதிந்தால் சரி என்று சொன்னான். மாட்டேன் என்றவர் ஒருவருமில்லை. சிலர் கேளாமலே குடும்ப அட்டையை எடுத்து நீட்டினார்கள். அவ்வளவு நம்பிக்கை என்று அவன் பூரித்துப் போனான்.

எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி, எத்தனை மாதத்துக்கு வரும் என்பதுதான். "நீங்கள் வேண்டாமெண்டு சொல்லுற வரைக்கும்," என்றான் யசோதரன். அதைக் கேட்டு செல்லையாக் கிழவரின் கண் கலங்கிவிட்டது.

விலையை மட்டும் அவன் சொல்லவில்லை. முந்திச் சொன்னால் வாடிக்கையாளர் வெருண்டுவிடுவார், பெட்டி கைக்குப் போனபிறகுதான் காசுப் பேச்சு எடுக்கவேண்டும் என்பது கழுத்துப்பட்டிக்காரரின் உபதேசம்.

"ஒருத்தரும் விலை கேக்கேல்லையோ?" என்று சுபத்திரா மெல்லக் கேட்டாள். "எங்கட சனம் ஒரு சவர்க்காரமெண்டாலும் மூண்டு கடை ஏறி இறங்கித்தானே வாங்கும்."

"உனக்கு வியாபாரம் விளங்காது. நல்ல சாமானுக்கு ஆர் விலை கேக்கிறது? இருந்து பார், தகரமென்ன, ஓடே போடுவம்."

இப்படி ஓட்டுக் கூரையின் கீழ் குடிபோய்விட்டு, முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான். வரிசையின் முதல் ஆள் பக்கத்து வளவு இராசேஸ்வரி அக்கா. இரண்டு கையாலும் பெட்டியை வாங்கினாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்து, பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அசையாமல் அவனை நேரே பார்த்து நின்றாள்.

அவன் காசுப் பேச்சு வரும் என்று நின்றான். அவள் எதற்காக நிற்கிறாள் என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

"படம் எடுக்கேல்லையோ?" என்று கடைசியில் அவளே கேட்டாள்.

வாடிக்கையாளர் தானாக முன்வந்து விளம்பரத்துக்கு நிற்கிறாள். இந்த அதிர்ஷ்டத்தைப் பற்றிக் கழுத்துப்பட்டிக்காரர்கூடச் சொல்லவில்லை. யசோதரன் அவசரமாகப் போனை எடுத்து ஒன்றுக்கு இரண்டாகப் படம் எடுத்தான்.

வாசற்படியில் நின்ற சுபத்திரா கதவு நிலையைப் பிடித்தபடி மெல்லக் கீழே குந்திவிட்டாள். பாவம், சந்தோசம் தாங்கவில்லை என்று அவன் நினைத்தான்.

பிறகு தொண்டையைச் செருமி, பயிற்சியில் சொல்லிக்கொடுத்த சிரிப்பையும் முகத்தில் வரவழைத்துக்கொண்டு, "அக்கா, அந்தக் காசு…" என்று இழுத்தான்.

இராசேஸ்வரியின் முகம் மலர்ந்தது. பெட்டியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, வரிசையின் கடைசிவரைக்கும் கேட்கும்படி திரும்பிச் சொன்னாள்:

"கேட்டீங்களே, இந்தமுறை நிவாரணத்தோட காசும் குடுக்கினமாம்."