அடுத்த எழுத்து

“கொஞ்சம் மெதுவா தம்பி, அவர் பேசிட்டு இருக்கார்” என்றாள் வீட்டுக்காரம்மா.

கம்ப்யூட்டர் பழுது பார்க்க வந்தவர் பையைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தார். கடையில் அவருக்கு லொடலொடா என்று பெயர். வாயை மூடச் சொன்னால், வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிற ஆள்.

சமையலறை மேடையில், அடுப்பை ஒட்டி ஒரு சின்ன ஸ்கிரீன் இருந்தது. அதில் ஒவ்வோர் எழுத்தாக வந்துகொண்டிருந்தது. ‘டீயில் சர்க்கரை குறைவு. உன் தங்கை வந்தாளா?’

“சாருக்கு என்னம்மா?”

“தொண்டையில ஆபரேஷன். குரல் போயிடுச்சு. புரோகிராம் எழுதறதுதான் அவர் வேலை, அதனால இதை அவரே பண்ணிட்டார். பின்னறையில படுத்துக்கிட்டே அவர் அடிப்பார், நான் இங்க சமைச்சுக்கிட்டே படிப்பேன்.”

லொடலொடா, மூடியிருந்த பின்னறைக் கதவைப் பார்த்து ஒரு வணக்கம் வைத்தார். “சார், கவலைப்படாதீங்க, அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடறேன்” என்று குரல் கொடுத்தார்.

ஸ்கிரீனில் எழுத்துகள் வந்தன. ‘எல்லாம் வாய்ப்பந்தல்தான்.’

“வந்ததும் வராததுமா என்னை எடை போட்டுட்டாரே” என்று லொடலொடா சிரித்தார். அவளும் லேசாகச் சிரித்தாள்.

“இப்ப இருமுவார், கொஞ்சம் நேரமாகும்” என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனாள். எழுத்து நின்றது. இரண்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவள் திரும்பியபோது மறுபடி வரத் தொடங்கியது. லொடலொடாவின் காதில் இருமல் எதுவும் விழவில்லை. கதவு நல்ல கனம்போல என்று நினைத்துக்கொண்டார்.

“கோளாறு எதுல?”

“இப்ப வரும், பாருங்க.”

‘நீ போய்ப் படு. நாளைக்கு’ என்று வந்தது. அதோடு எழுத்து நின்று, கீழே ‘முடிந்தது’ என்று காட்டிவிட்டு ஸ்கிரீன் கறுத்துப்போனது.

“இதுதான் தம்பி. நாளைக்குன்னு ஆரம்பிச்சவர் என்ன சொல்ல வந்தார்னே தெரியல. அதுக்குள்ள முடிஞ்சதுன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிடுது. அந்த ஒரு வார்த்தை வரக்கூடாது, எனக்கு அது போதும்.”

அவள் குரல் தழுதழுத்தது. ஒரு கம்ப்யூட்டர் கோளாறுக்கு இவ்வளவு வருத்தப்படுகிறவரை லொடலொடா பார்த்ததில்லை. அவருக்கே என்னவோ போலிருந்தது.

“விசித்திரமா இருக்கேம்மா. கீபோர்டுல இருந்து எழுத்து வாங்கற புரோகிராம் இப்படி அவசரப்படாது. ஒரு எழுத்தை வாங்கிட்டு அடுத்ததுக்காகக் காத்துக்கிட்டு கிடக்கும். நாம தூங்கி எழுந்து வந்தாலும் அதே இடத்துல இருக்கும்.”

“எவ்வளவு நேரம் காத்திருக்கும்?”

“அதுக்குக் கணக்கே கிடையாதும்மா. அதுக்கு இருக்கற பொறுமை என் சம்சாரத்துக்குக்கூட இல்ல.”

புரோகிராமைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே வந்தார். பாதியில் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அட, இங்கதான் இருக்கு. எழுத்து உள்ள வர்ற வழியை யாரோ மாத்தி வெச்சிருக்காங்க. சோதனைக்காக ஒரு நாள் சார் அடிச்சதையெல்லாம், நடுவுல விட்ட இடைவெளியோட, ஒரு ஃபைல்ல பதிஞ்சு வெச்சிருக்கார். இப்ப வர்றது அதுல இருந்துதான். ஃபைல் தீர்ந்துட்டா முடிஞ்சதுன்னு சொல்லத்தான் செய்யும். பாவம், சார் உள்ள மாங்கு மாங்குன்னு அடிச்சுக்கிட்டிருப்பார், உங்களுக்கு ஒண்ணும் வந்திருக்காது.”

அவள் அடுப்பை அணைத்துவிட்டு அருகில் வந்தாள்.

“ஒரே ஒரு வரிதான். பழையபடி கீபோர்டுக்கே மாத்தி விட்டுடறேன்.”

“வேணாம் தம்பி. மாத்தினது நான்தான். எப்படி மாத்தறதுன்னு அவர்தான் ஒரு தடவை காட்டிக் கொடுத்தார்.”

லொடலொடா நிமிர்ந்து பார்த்தார். ஏன் மாற்றினாள் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

“நாளைக்குங்கற வரைக்கும் ஃபைல்ல இருந்தே வரட்டும். அதுக்கப்புறம் முடிஞ்சதுன்னு சொல்லாம, கீபோர்டுப் பக்கம் திரும்பி அடுத்த எழுத்துக்குக் காத்துக்கிட்டிருக்கணும். அப்படிப் பண்ண முடியுமா?”

“பண்ணலாம். ஆனா, அந்தப் பக்கம் ஆள் இருக்கார்னு நம்பி அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்குமேம்மா. சார் ஏதாவது அடிச்சாத்தான் நகரும்.”

“உட்கார்ந்திருக்கட்டும்.”

லொடலொடா அந்த வரியை எழுதத் தொடங்கினார். வழக்கம்போல் வாய் சும்மா இருக்கவில்லை. “எதுக்கும் சார்கிட்ட ஒரு எழுத்து அடிக்கச் சொல்லிப் பார்த்துடலாமா?”

அவள் கறுத்துக் கிடந்த ஸ்கிரீனைக் கைத்துணியால் துடைத்தாள். அதில் தூசு எதுவும் இல்லை.

“அவர் போயிட்டார்னு எனக்குத் தெரியும் தம்பி. அதுக்குத் தெரிய வேண்டாம்.”