சொத்தைப் பல்

"ரெண்டு கிழங்களும் கூட்டுக் களவாணிங்கய்யா. மாத்தி மாத்திக் கையைக் காட்டி விலையை ஏத்தறாங்க. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரியாம நீ திரும்பி வராதே" என்றார் கம்பெனி மேனேஜர்.

புரோக்கருக்கும் அதே சந்தேகம்தான்.

அந்தத் தெருவையே துண்டு துண்டாக வாங்கிக் கொடுத்தவன் அவன். அச்சகம் பேங்க் ஆனது. சைக்கிள் கடை இருந்த இடத்தில் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்துக்குக் கண்ணாடிக் கட்டடம். போன வருஷம் பெண்கள் பள்ளிக்கூடத்தை இடித்துக் கார் நிறுத்தும் இடமாக்கினார்கள்.

பாக்கி இருப்பது நடுவில் ஒரே ஒரு பழைய மாடி வீடு. கீழ்வீடு ரிட்டயரான பல் டாக்டருடையது. மேல்வீடு, இடித்துப்போட்ட அந்தப் பள்ளிக்கூடத்தில் ஹெச்.எம்.மாக இருந்த அம்மாவுடையது. இருவருமே தனிக்கட்டை. ஒருத்தர் கையெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு செங்கல்லைக்கூடப் பெயர்க்க முடியாது.

அவன் போனபோது ஆபீஸ்கள் விட்டுத் தெரு காலியாகியிருந்தது. சுற்றியிருந்த கண்ணாடிச் சுவர்களில் அந்த வீட்டு விளக்கு மட்டும் தெரிந்தது.

டாக்டர்தான் கதவைத் திறந்தார். நோயாளிகளைச் சாய்த்து உட்கார வைக்கிற நாற்காலியில் துவைத்த துணி குவிந்து கிடந்தது.

"வாங்க தம்பி. சொத்துன்னு நினைச்சு வந்திருக்கீங்க. இது சொத்தை. பிடுங்கறது கஷ்டம்."

அவன் சிரிக்கவில்லை.

"ஏன் டாக்டர் இழுத்தடிக்கறீங்க? விலை பத்தலையா?"

"விலை கிடக்கட்டும். நான் எப்பவோ ரெடி. பையன் தினமும் போன்ல 'வந்துடுப்பா, வந்துடுப்பா'ன்னு கெஞ்சறான். மேல டீச்சரம்மா இருக்காங்களே, அவங்களைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது? இருட்டிட்டா இந்தத் தெருவுல ஈ காக்கா கிடையாது. அவங்க சரின்னா எனக்கும் சரி."

மேனேஜர் சொன்னது சரிதான் என்று நினைத்தபடி புரோக்கர் மாடி ஏறினான்.

"நானா தம்பி தடுக்கறேன்?" என்றார் ஹெச்.எம். அம்மா. "என் தங்கச்சி வீட்டுல எனக்குன்னு தனி ரூமே இருக்கு. இன்னிக்குக் காலையிலகூட போன்ல ஒரு பாட்டம் திட்டினா, ஏன் இன்னும் வரலைன்னு. கீழே அந்த டாக்டரை நினைச்சுத்தான் பார்க்கறேன்."

"அவருக்கென்னம்மா குறை? பையன்தான் கெஞ்சறானாமே!"

அந்த அம்மா கதவை மெல்லச் சாத்தினார்.

"எந்தப் பையன்? அவன் பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காச்சு. இவர்தான் போனைக் காதுல வச்சுக்கிட்டு 'சரிடா, வரேண்டா'ம்பார். அந்த போன் மணி அடிச்சு நான் கேட்டதே இல்லை. சாயங்காலமானா படியில உட்கார்ந்து பையன் புராணம் பாடுவார். நானும் உம் கொட்டுவேன். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா மனுஷன் ஒடிஞ்சு போயிடுவார். நீங்களும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க."

முட்டுக்கட்டை யாரென்று இப்போது புரோக்கருக்குப் புரிந்துவிட்டது. விடுவிடுவென்று கீழே இறங்கினான்.

"டாக்டர், ஒளிவு மறைவு இல்லாமப் பேசறேன். அந்தம்மாவுக்குக் கூப்பிட ஆள் இருக்கு. போனா ராணி மாதிரி இருப்பாங்க. உங்களுக்காகத்தான் இங்க கிடந்து அல்லாடறாங்க. உங்களுக்குப் பேச்சுத்துணை வேணும்கறதுக்காக இன்னொருத்தரைக் கட்டிப்போடலாமா? இது சுயநலம் இல்லையா?"

சொன்ன பிறகுதான் நாக்கு நீண்டுவிட்டது தெரிந்தது. ஆனால் டாக்டர் கோபப்படவில்லை.

"கூப்பிட ஆள்னா... தங்கச்சியா?"

"ஆமா. காலையிலகூடப் பேசினாங்களாம்."

டாக்டர் எட்டி மாடிப்படியைப் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தத் தங்கச்சிக்கு நான்தான் தம்பி பல் செட் கட்டிக் கொடுத்தேன். போன வருஷம் தவறிட்டாங்க. அவங்க வீட்டுக்காரரே எனக்கு போன் பண்ணிச் சொன்னார். அன்னிக்கு டீச்சரம்மா கண்ணெல்லாம் சிவந்து இந்த வழியாத்தான் வந்தாங்க. என்னம்மான்னேன். 'எதிர்த்தாப்ல ஸ்கூலை இடிக்கறாங்களே, அந்தத் தூசி டாக்டர்'னாங்க. அதுக்கு மேல நான் கேட்கலை."

புரோக்கர் கொண்டுவந்த பத்திரத்தைப் பையிலிருந்து எடுக்காமலேயே எழுந்தான்.

மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"டாக்டர், அந்தத் தம்பி போயாச்சா? நான் வரட்டுமா? தங்கச்சி இன்னிக்கு என்ன சொன்னா தெரியுமா?"

"வாங்க வாங்க! அதைக் கேட்கத்தானே காத்துக்கிட்டிருக்கேன்!" என்று உரக்கக் குரல் கொடுத்தார் டாக்டர்.

பிறகு புரோக்கரின் தோளைத் தொட்டு, காதோடு சொன்னார்:

"இந்தப் படியிலதான் தம்பி அந்தத் தங்கச்சி இன்னும் உயிரோட இருக்கு. இதையும் இடிச்சுட்டா, பாவம், இன்னொரு தடவை செத்துப்போயிடும்."